தெல்மீரா மூட்டிய தீ

எங்கள் ஊர் ஈரத்தைப் பற்றிச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. மொந்தேவீதியோவில் குளிர்காலமான ஜூன் மாதம் பிறந்துவிட்டால் உப்பு ஜாடிக்குள்ளேயே அழும், தீக்குச்சி கொழகொழத்துப் போகும், கதவு வீங்கிக்கொண்டு வீட்டுக்காரனையே உள்ளே விடாது. ஒரு வருஷம், நாள்கணக்கில் காயாமல் முற்றத்துக் கொடியில் தொங்கிய சட்டைப் பையிலிருந்து மீன் ஒன்று துள்ளி விழுந்ததை நானே பார்த்தேன். பெரிய மீன் என்று சொல்ல மாட்டேன். விரல் நீளம்தான் இருக்கும்.

இதை முதலிலேயே சொல்லி வைக்கக் காரணம் உண்டு. ஏபெர் சில்வேராவின் வாழ்க்கையில் புகுந்து விளையாடியது அந்த ஈரம்தான்.

ஏபெரை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும், பெயர் மட்டும் தெரியாது. துறைமுகத்திலிருந்து பூங்கா வரை போகும் பஸ்ஸில் தலை நரைக்கும் வரை டிக்கெட் கொடுத்தவன். டிக்கெட் பெட்டியின் தகர மூடியில் அவன் விரல்கள் சும்மா கிடந்ததே இல்லை. கணவனைப் புதைக்கப் போன அம்மாள் ஒருத்தி அந்தத் தாளத்தில் தோளை அசைத்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டாள். இடுகாட்டில் பாதிரியார் காத்திருக்க, இவள் கறுப்பு முக்காட்டோடு கடற்கரையில் போய் இறங்கினாள். அந்த விரல்கள் ஒரு காலத்தில் ‘தி கார்லைல்ஸ்’ என்ற ராக் குழுவின் விரல்கள் என்பது பயணிகள் யாருக்கும் தெரியாது.

இங்கிலாந்துப் பையன்கள் நெற்றியில் மயிரை இறக்கிவிட்டு உலகத்தையே ஆட்டிவைத்த காலம் அது. எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பையன்கள் கிதாரும் கையுமாக நின்றார்கள். மூலை நாவிதர் பிழைப்புக் கெட்டுப்போய்ப் புறா வளர்க்க ஆரம்பித்தார். எங்கள் தெருவின் நாலு பேருக்கும் தலைவன் காரோ. ஆர்மீனியச் செருப்புத் தொழிலாளியின் மகன். குரல் கொஞ்சம், கோபம் நிறைய. பெரெய்ரா வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர் மற்ற கிதார்கள். மூத்தவன் பெயர் வாஷிங்டன், இளையவன் லிங்கன். எங்கள் ஊரில் அப்படித்தான் பெயர் வைப்போம். இன்னொன்று பிறந்திருந்தால் அதற்கும் ஒரு ஜனாதிபதி கிடைத்திருப்பார். நாலாவது ஆள், டிரம் வாசிப்பவன், நம் ஏபெர்.

குழுவுக்கு இங்கிலீஷ் பெயர் வேண்டுமென்று காரோ துறைமுகத்துக்குப் போனான். உறைந்த மாட்டிறைச்சி ஏற்ற வந்திருந்த கப்பலின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டு வந்தான். பாட்டுகளும் இங்கிலீஷில்தான். அவற்றின் அர்த்தம் எங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. ஆகையால் சண்டை வரவில்லை. காரோவின் அப்பா நாலு பேருக்கும் கூர்முனை பூட்ஸ் தைத்துக் கொடுத்தார். அதன் முனையால் ஈயைக் குத்திப் பிடிக்கலாம்.

இனி ஏபெரின் வீட்டுக்கு வருகிறேன். நாங்கள் எல்லாரும் ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடியிருந்தோம். கீழே வரிசையாக அறைகள், மேலே வரிசையாக அறைகள், நடுவில் தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடிகளும். கறுப்பர் குடும்பங்கள்தான் பாதிக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை என்றால் டிரம்தான், பீப்பாய் போல மூன்று அளவில். தோளில் மாட்டிக்கொண்டு தெரு முழுக்க அடித்துக்கொண்டு போவார்கள். சின்னது ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருக்கும், நடுவிலுள்ளது வம்புக்கு இழுக்கும், பெரியது கட்டைக் குரலில் சமாதானம் சொல்லும். புறப்படுவதற்கு முன் தெருமுனையில் பழைய பேப்பரும் அட்டைப்பெட்டியும் போட்டுத் தீ மூட்டுவார்கள். டிரம்களைச் சுற்றிச் சாய்த்து முகத்தைத் தீக்குக் காட்டுவார்கள். ஈரத்தில் தொய்ந்த தோல் சூட்டில் இறுகும், குரல் மேலே ஏறும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. எங்கள் தெருக் குழந்தை தீயைப் பார்த்தால் பக்கத்தில் எதையாவது சாய்த்து வைக்கும். சூப் பானையைச் சாய்த்த குழந்தையும் உண்டு.

ஏபெரின் அப்பா எவாரிஸ்டோ மூட்டை தூக்குகிறவர். பெரிய டிரம்மில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவருக்குத் தீ மூட்டிக் காய்ச்சிக் கொடுப்பது மனைவி தெல்மீராவின் வேலை. மற்ற வீடுகளில் ஆம்பிளைகளே செய்வார்கள். தெல்மீரா விடமாட்டாள். “அவர் காய்ச்சினா கருக்கிடுவார். அவருக்கு அவசரம்” என்பாள். எவாரிஸ்டோ நெஞ்சுச்சளியில் போய்ச் சேர்ந்த அன்று அவருடைய மூன்று டிரம்களையும் சுவரைப் பார்க்க ஆணியில் மாட்டினாள். அதற்குப் பிறகு ஆறு வருஷம் அவள் தீ மூட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊரே தெருமுனையில் நிற்கும்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடுத்தவர் வீட்டுச் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

மகன் ராக் குழுவில் சேர்ந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. வாசிக்கிறானே என்பதல்ல வருத்தம். அப்பன் டிரம்மைச் சுவரில் விட்டுவிட்டு வேறு எதையோ வாசிக்கிறானே என்பதுதான்.

“உங்கப்பன் தோல்ல அடிச்சான். நீ வாளியில அடிக்கறே” என்பாள்.

“அது வாளி இல்லேம்மா. பேட்டரி.”

“பேட்டரின்னா டார்ச்லைட்டுக்குள்ள போடறது. ஒரு நாளாவது அவரோடதைத் தொட்டியா? வெக்கமா இருக்கா, அப்பன் டிரம்மை வாசிக்க?”

அவன் குச்சிகளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான். வெட்கமில்லை, பயம். அப்பா அடித்த இடத்தில் தன் கை பட்டு, சத்தம் சின்னதாக வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். இது பிற்பாடு தெரிந்தது. அப்போது அவளுக்குத் தெரியாது. அவன் வாசிப்பதைக் கேட்க ஒரு தடவைகூட அவள் எங்கள் பேட்டை நடன க்ளப்புக்குப் போனதில்லை.

உட்கார்ந்து வாசிக்கும் டிரம் செட்டுக்கு எங்கள் ஊரில் பேட்டரி என்று பெயர். அந்தப் பேட்டரியும் அவனுடையதல்ல, தோன் பல்தொமேரோவுடையது. சனிக்கிழமை நடனங்களுக்கு வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராவின் டிரம்காரர் அவர். பெயருக்கு முன் ‘தோன்’ போடுவது எங்கள் ஊர் மரியாதை. கல்யாணமே செய்துகொள்ளாதவர். மீசைக்கு பூட்ஸ் பாலிஷ் போடுகிறார் என்று ஊரில் பேச்சு. வெயில் நாளில் அவர் பக்கத்தில் நின்றால் வாசனை வரும் என்பது என் தனிப்பட்ட கருத்து. கப்பலில் வாசித்த ஒருவனிடமிருந்து வாங்கிய புத்தம்புது செட், முத்துப்போல் மினுங்கும். அதில் தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் பூட்டியிருந்தது. அப்படி ஒன்று எங்கள் பேட்டையில் அதற்கு முன் வந்ததில்லை. ஆர்க்கெஸ்ட்ரா முடித்ததும் கடைசி அரைமணி நேரத்துக்கு ஏபெரை வாசிக்க விடுவார். மோதிரம் போடக் கூடாது, சிகரெட் கூடாது, எச்சில் தெறிக்கப் பாடக் கூடாது. ஏபெர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

அந்த ஜூனில் புவெனஸ் ஐரீஸிலிருந்து ஒரு சேதி வந்தது. லாபோர்த்தா என்பவர் ஆற்றைக் கடந்து வந்து, சனிக்கிழமை க்ளப்பில் குழுவைக் கேட்கப் போகிறார். பிடித்தால் கூட்டிக்கொண்டு போய் ரெக்கார்டு போடுவார். நாலு பையன்களும் அந்த வாரம் தூங்கவில்லை. அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ, அதே வாரம் தோன் பல்தொமேரோவுக்குக் கால் கட்டைவிரலில் வாதம் வந்து வீங்கிக்கொண்டது.

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. என் பொண்ணை அனுப்பற மாதிரி அனுப்பறேன்” என்று பேட்டரியை ஏபெரிடம் ஒப்படைத்தார்.

“பொண்ணு மாதிரியே பார்த்துக்கறேன், தோன் பல்தொமேரோ.”

“அதான் பயமா இருக்கு. உன் வயசுப் பசங்க பொண்ணுங்களை எப்படிப் பார்த்துக்கறாங்கன்னு எனக்குத் தெரியும்.”

சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. சாயங்காலம் புது பூட்ஸ் போட்டுப் பார்க்க ஏபெர் காரோ வீட்டுக்குப் போயிருந்தான். அறையில் தெல்மீராவும் அந்தப் பேட்டரியும்தான். தாண்டிப் போகும்போது அவள் கை அதன் முகத்தில் பட்டது. சில்லென்று, தொளதொளவென்று இருந்தது. கண்ணாடி போட்டால் கிழவியாகிவிடுவோம் என்று போடாதவள். விரலால்தான் உலகத்தைப் பார்ப்பாள். அந்த விரலுக்கு ஒன்றுதான் தெரிந்தது. தோல் நனைந்திருக்கிறது, பிள்ளை இன்றைக்கு இதை வைத்துக்கொண்டு வெளியூர்க்காரன் முன்னால் நிற்கப் போகிறான்.

முற்றத்து ஓரத்தில் கூரைக்கடியில் பழைய பேப்பரை அடுக்கினாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு தெல்மீரா தீ மூட்டுகிறாள் என்று ஜன்னல்களெல்லாம் திறந்தன. நானும் ஒரு ஜன்னல்தான். பேட்டரியின் ஒவ்வொரு உருப்படியையும் குழந்தையைத் தூக்குவது போல் தூக்கி வந்து, சாய்த்து, முகத்தைத் தீக்குக் காட்டினாள். பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்காவது தப்பாகத் தோன்றவேண்டுமே. இல்லை. “பெரிசை இன்னும் கொஞ்சம் கிட்ட வை, தெல்மீரா” என்று மாடியிலிருந்து யோசனைதான் வந்தது. வைத்தாள்.

மழை பெய்தால் எந்த வீட்டிலும் தோர்த்தா பொரிக்காமல் இருக்க மாட்டோம். அவள் அடுப்பிலும் கொழுப்பு உருகிக்கொண்டிருந்தது. மாவை வட்டமாகத் தட்டி நடுவில் ஓட்டை போட்டுப் பொரித்தெடுக்க உள்ளே போனாள். அந்த நேரத்தில்தான் ஏபெரும் மற்ற மூன்று பேரும் வாசலில் நுழைந்தார்கள்.

முதலில் வாசனைதான் வந்தது. பிறகு பார்த்தார்கள். சின்ன டிரம்மின் முகம் சுட்ட அப்பளம்போல் சுருண்டிருந்தது. நடுவிலுள்ளதில் ஓட்டை. பெரியது மெல்ல, மிக மெல்ல, வழிந்துகொண்டிருந்தது.

காரோவின் கோபம் நாலு மொழியில் வெளியே வந்தது. அதில் இரண்டு அவனுக்கே தெரியாது.

“யார்டா பண்ணது?”

“நான்தான்” என்றான் ஏபெர்.

“நீயா? நீ என் பக்கத்துல உக்காந்து பூட்ஸ் மாட்டிக்கிட்டு இருந்தே. உன் ஆவி வந்து பண்ணிச்சா?”

ஏபெர் ஜன்னல்களை நிமிர்ந்து பார்த்தான். நாங்களெல்லாம் ஒரே சமயத்தில் வேறு பக்கம் பார்த்தோம். அவன் நினைத்தது சரி என்று ஆகிவிட்டது. மழைக்கோட்டைக் கழற்றிப் பேட்டரியின் மேல் போட்டு மூடினான்.

தெல்மீரா தட்டு நிறையத் தோர்த்தாவோடு வெளியே வந்தாள். நெற்றியில் மாவு. எவாரிஸ்டோ போனதற்குப் பிறகு அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

“வந்துட்டியா? இறுகிச்சா பாரு. தவளை வயிறு மாதிரி இருந்துச்சுடா. இப்படியா வெச்சிருப்பாரு அந்த மனுஷன்?”

ஏபெர் கோட்டுக்கு அடியில் கை விட்டு மரச் சட்டத்தில் தட்டினான். டொக் என்றது.

“கல்லு மாதிரி நிக்குதும்மா.”

“நிக்கும். ஏன் நிக்காது? இன்னிக்கு நானும் வரேன், கேக்க. என்னோட நீலச் சட்டையை மட்டும் தேய்ச்சுட்டு வந்துடறேன்.”

அவள் உள்ளே போனதும் காரோ அவன் காலரைப் பிடித்தான். “சொல்லிடு. ஒரு மணி நேரம் அழுவாங்க. அப்புறம் சரியாயிடுவாங்க. க்ளப்ல எல்லார்கிட்டயும் விஷயத்தைச் சொல்லி வேற எதாவது தேடலாம். நமக்கு இருக்கறது ஒரே ஒரு சனிக்கிழமைடா.”

“ஆறு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் தீ மூட்டியிருக்கா. எனக்காக. அதுல எல்லாம் எரிஞ்சுபோச்சுன்னு நான் போய்ச் சொல்லணுமா?”

“நீ சொல்லலேன்னா நான் சொல்றேன்.”

“சொன்னா உன் பூட்ஸ் அந்தத் தீக்குள்ள போகும். காலோட.”

காரோவுக்குப் பூட்ஸ் மேல் உயிர். வாயை மூடிக்கொண்டான். எதை வைத்து வாசிப்பது என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் ஒரே இடத்தைத்தான் பார்த்தார்கள். திறந்த கதவு வழியாக உள்சுவர் தெரிந்தது. அதில் முதுகைக் காட்டிக்கொண்டு மூன்று டிரம்கள்.

ஏபெர் உள்ளே போய் அவற்றை இறக்கினான். இஸ்திரிப் பெட்டியோடு தெல்மீரா திரும்பினாள்.

“அதை எதுக்குடா எடுக்கறே?”

“அந்த லாபோர்த்தா இதைத்தான் கேக்கணும்னு சொன்னாராம். பேட்டரி எல்லா ஊர்லயும் இருக்காம்.” வாழ்நாளில் அவன் சொன்ன முதல் நீளமான பொய். “ஆனா இதுவும் தொய்ஞ்சு கெடக்கும்மா.”

அவள் கையிலிருந்த பெட்டி சட்டை மேல் இறங்கி அங்கேயே நின்றது. சட்டையின் காலர் லேசாகக் கருகியது. பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து, அணையப் போன தீயில் இன்னொரு அட்டையைப் போட்டாள்.

எங்கள் க்ளப் ஒன்றும் பெரிய இடமல்ல. நடுவில் ஆடும் தளம், ஒரு பக்கம் மேடை, சுவரோரமாக நாற்காலி வரிசை. அந்த வரிசை தாய்மார்களுக்கு. பெண் எவனோடு எவ்வளவு நெருங்கி ஆடுகிறாள் என்று அங்கிருந்து அளந்துகொண்டே பின்னல் பின்னுவார்கள். தெல்மீரா அதில் போய் உட்கார்ந்தாள். அதற்குள் விஷயம் முற்றத்திலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து க்ளப்புக்கு வந்திருந்தது. அவள் ஒருத்தியைத் தவிர அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். இருநூறு வாயும் ஒரு ரகசியமும் ஒரே கூரையின் கீழ். எங்கள் தெருவில் அப்படி நடந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

யாருக்கும் சொல்லி வைக்கத் தோன்றாத ஆள் ஒருவர் இருந்தார். ஒரு காலில் பூட்ஸ், வீங்கிய காலில் கம்பளிச் செருப்பு, கையில் தடி. தோன் பல்தொமேரோ நொண்டிக்கொண்டு உள்ளே வந்தார். மேடையைப் பார்த்தார்.

“என் பேட்டரி எங்கே?”

லிங்கன் ஓடினான். “தோன் பல்தொமேரோ, வெளியில ஒரு நிமிஷம் வாங்களேன், காத்தாட...”

“மழை பெய்யுது. என்னடா காத்து? பேட்டரி எங்கே?”

“வாங்க, தோன் பல்தொமேரோ” என்றாள் தெல்மீரா சுவரோரத்திலிருந்து. “உங்களைத்தான் பார்க்கணும்னு இருந்தேன். ஒரு சாமானை இப்படியா வெச்சிருப்பீங்க? பாவம், குளிர்ல விறைச்சுப்போய்க் கெடந்துச்சு. நான்தான் சாயங்காலம் தீ மூட்டி நல்லாக் காய்ச்சி வெச்சேன்.”

பின்னல் ஊசிகள் நின்றன. சாராயக் கவுண்டரில் கண்ணாடி டம்ளர் துடைத்தவன் துடைப்பதை நிறுத்தினான்.

“காய்ச்சினீங்களா?” என்றார் அவர்.

“ஒவ்வொண்ணா. முகம் பார்த்து.”

தோன் பல்தொமேரோவின் மீசை மட்டும் அசைந்தது. மேடையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஏபெர் அப்பாவின் டிரம்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். கெஞ்சவில்லை. கையைக் காட்டவில்லை. அவரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான், அடி வாங்கத் தயாராக நிற்பவனைப் போல. அவர் மறுபடி தெல்மீராவைப் பார்த்தார். தேய்த்த நீலச் சட்டை. புருவத்தில் காய்ந்த மாவு. சாம்பல் ஒட்டிய விரல் நகங்கள்.

தொப்பியைக் கழற்றினார்.

“இத்தனை வருஷமா வாசிக்கறேன், தோன்யா தெல்மீரா” என்றார். “என் டிரம்மை இதுவரைக்கும் யாரும் காய்ச்சிக் கொடுத்ததில்லே.”

“அதான் பார்த்தாலே தெரியுதே. உக்காருங்க, அந்தக் காலை வெச்சுக்கிட்டு நிக்காதீங்க.”

அவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். வாத வலி என்று சொன்னார். அழகான பேட்டரி அது; நானாக இருந்தாலும் அழுதிருப்பேன்.

வாசிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு டிரம்முக்கு ஓர் ஆள் என்பதுதான் முறை. ஏபெர் மூன்றையும் நாற்காலிகளில் கட்டி நிறுத்தி, ஒரு கையில் குச்சி, ஒரு கை வெறுங்கை என்று இறங்கினான். முதல் பாட்டில் காரோ தடுமாறினான். தாளம் அவனுக்கு முன்னால் போய்த் திரும்பி நின்று ‘வாயேன்’ என்று கூப்பிட்டது. இரண்டாவது பாட்டில் அவன் பிடித்துக்கொண்டான். அர்த்தம் தெரியாத அந்த இங்கிலீஷ் பாட்டு, எங்கள் தெருமுனைத் தீயைச் சுற்றிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. சுவரோரத்துத் தாய்மார்கள் பின்னலைக் கீழே வைத்தார்கள். அன்று மேடையில் ஏபெருக்கு நாலு கைகள் இருந்தன என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எண்ணியவள் நான்.

தெல்மீரா மட்டும் ஆடவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பெரிய டிரம் பேசும்போதெல்லாம் அவள் தலை மெல்ல அசைந்தது, யாரோ வெகுநாள் கழித்து வீட்டுக்கு வந்து கதை சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பது போல.

லாபோர்த்தா க்ளப்பின் சமையலறையில் வைத்து முடிவைச் சொன்னார். நல்ல மனுஷர்தான், வியாபாரி. “பாட்டு ஓடும். பூட்ஸும் ஓடும். ஆனா அந்த மூணு பீப்பாயும் படகுல ஏறக் கூடாது. ஜனங்க இங்கிலாந்துப் பசங்களைக் கேக்கறாங்க, நான் கார்னிவல் ஊர்வலத்தைக் கூட்டிட்டுப் போனா எப்படி? அடுத்த சனிக்கிழமை படகு. இந்தப் பையன் ஒழுங்கான பேட்டரியோட வந்தான்னா இவனும் வரட்டும். இல்லேன்னா அங்க எனக்கு ஆள் இருக்கு.”

அந்த வாரம் முழுக்க காரோ ஏபெரின் பின்னாலேயே அலைந்தான். க்ளப்பில் தொப்பியை நீட்டினால் தெருவே போட்டுவிடும், புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றான்.

“எதுக்குத் தொப்பி நீட்டறீங்கன்னு எங்கம்மா கேப்பா.”

“எதாவது பொய் சொல்லு.”

“ஒண்ணு சொல்லிட்டேன். அதையே தூக்க முடியலே.”

“இந்தப் படகு போச்சுன்னா போச்சுடா, ஏபெர். கழுதை மாதிரி நிக்காதே.”

“கழுதைன்னு தெரிஞ்சப்புறம் எதுக்குடா இழுக்கறே?”

படகு புறப்பட்டது. துறைமுகத்தில் காரோ அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை; கோபம். ஏபெருக்குத் தைத்த ஜோடி அங்கே சேரும் டிரம்காரனுக்கென்று பெட்டிக்குள் போயிருந்தது. ஆனால் காரோ தன் காலிலிருந்த புது பூட்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஏபெரின் பழையதை மாட்டிக்கொண்டு ஏறினான். அளவு சின்னது. புவெனஸ் ஐரீஸ் வரை அவன் நொண்டிக்கொண்டே போனதாக வாஷிங்டன் பிற்பாடு சொன்னான்.

வீட்டுக்கு வந்தவனிடம் தெல்மீரா கேட்டாள். “ஏன்டா நீ போகலே?”

“அப்பாவோடதை விட்டுட்டு வரச் சொன்னாங்கம்மா. மனசு வரலே.”

முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. அவள் எழுந்து, டிரம்களை ஆணியில் மாட்டினாள். இந்த முறை முகம் வெளியே பார்க்க மாட்டினாள்.

தி கார்லைல்ஸின் சரித்திரத்தில் மீதி கொஞ்சம்தான். ஒரு ரெக்கார்டு வந்தது. ஒரு பக்கத்துக்கு இரண்டு பாட்டு. அங்கே அவர்களுக்குக் கிடைத்த டிரம்காரன் கெட்டிக்காரன், ஓர் அடி தப்பவில்லை. காரோ அதைக் கேட்கும்போதெல்லாம் யாரையோ எதிர்பார்ப்பவன் போல் கதவைப் பார்ப்பான். இரண்டாவது ரெக்கார்டுக்குள் ஜனங்களுக்கு வேறு தலைமயிர் பிடித்துவிட்டது. ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். காரோ அப்பாவின் கடையில் உட்கார்ந்தான். அண்ணனும் தம்பியும் குளிர்சாதனப் பெட்டி ரிப்பேருக்குப் போனார்கள். ஏபெர் அதற்குள் பஸ்ஸில் ஏறியிருந்தான், கூர்முனை பூட்ஸோடு.

தோன் பல்தொமேரோவின் பேட்டரிக்கு ஏபெரே கன்றுக்குட்டித் தோல் வாங்கி, ஊறவைத்து, இழுத்துக் கட்டிக் கொடுத்தான். அருமையான வேலை. ஒரே ஒரு சிரமம்: தோல் என்றால் ஈரத்தில் தொய்யும். ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் பேட்டரியை ஏற்றிக்கொண்டு தெல்மீராவிடம் வந்தார், காய்ச்சுவதற்கு. அவள் காய்ச்சுவாள். அவர் மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குளிர்காலம் போயிற்று. ஜனவரி வந்தது, எங்கள் ஊர் ஜனவரியில் கல்லே வெடிக்கும், ஓட்டின் மேல் முட்டை பொரிக்கலாம். அப்போதும் பேட்டரியை எடுத்துக்கொண்டு வந்தார்.

“இன்னிக்குமா தொய்ஞ்சிருக்கு?” என்று முற்றத்திலிருந்து யாரோ கேட்டார்கள்.

“லேசா” என்றார் அவர்.

அடுத்த ஜூனில் அவர் பெட்டி படுக்கையோடே வந்துவிட்டார். மீசை வெளுத்துப்போயிருந்தது, பாலிஷ் வேண்டாமென்று அவள் சொல்லியிருக்க வேண்டும். பல வருஷம் அவளோடு குடித்தனம் செய்தார். உருகிய பேட்டரியைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. காய்ச்சலில் பிதற்றியபோதுகூட மற்றதெல்லாம் பிதற்றினார், அதைப் பிதற்றவில்லை.

பட்டாளத்தார் ஆண்ட காலத்தில் எங்கள் குடியிருப்பை இடித்தார்கள். ஆளுக்கொரு பக்கமாகப் போனோம். முற்றம் போனது, ஜன்னல்கள் போயின. ரகசியம் மட்டும் யாரிடமிருந்தும் போகவில்லை.

வெகுகாலம் கழித்து, ஒரு மழை நாளில், ரேடியோவிலிருந்து ஒரு பெண் ஏபெரின் வீட்டைத் தேடி வந்தாள். அந்தப் பழைய ரெக்கார்டை யாரோ சந்தையில் கண்டெடுத்தார்களாம். பையன்கள் அதை இப்போது பொக்கிஷம் என்கிறார்களாம். குழுவின் சரித்திரம் வேண்டுமாம். ஏபெர் மற்ற மூவரையும் அழைத்திருந்தான். நாலு வழுக்கையும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தன. சுவரில் எவாரிஸ்டோவின் படமும் தோன் பல்தொமேரோவின் படமும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. இருவருக்கும் நடுவே, ஒருவரையும் கோபித்துக்கொள்ள விடாமல், தெல்மீரா தன் நாற்காலியைப் போட்டிருந்தாள். ஒருவழியாகக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் கேட்டது காரோவை. பதில் சொன்னது தெல்மீரா.

“இவங்களைக் கேட்டா எல்லாத்தையும் விட்டுடுவாங்க. அந்த க்ளப் சனிக்கிழமை இருக்கே, அதுதான் சரித்திரம். சாயங்காலம் டிரம்மெல்லாம் நனைஞ்சு கெடந்துச்சு. நான்தான் தீ மூட்டினேன். நான் மட்டும் காய்ச்சாம விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு இவங்களையே கேளு.”

காரோ கூரையைப் பார்த்தான். வாஷிங்டன் இருமினான். லிங்கன் தன் டம்ளருக்குள் எதையோ தேடினான்.

அந்தப் பெண் ஏபெர் பக்கம் மைக்கைத் திருப்பினாள். “அப்படியா, தோன் ஏபெர்? அன்னிக்கு அந்தச் சத்தம் அந்தத் தீயாலதான் வந்துச்சா?”

ஏபெரின் விரல்கள் மேஜை விளிம்பில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. நின்றன.

“ஆமா” என்றான். “அம்மா அந்தத் தீயை மூட்டலேன்னா, நான் அன்னிக்கு அப்படி வாசிச்சிருக்கவே மாட்டேன்.”

தெல்மீரா தலையை நிமிர்த்திக்கொண்டாள். கேட்டாயா என்பது போல் சுவரில் இருந்த இருவரையும் பார்த்தாள். பிறகு அவள் பார்வை மேஜைக்கு இறங்கியது. அந்தப் பெண்ணின் டேப் ரெக்கார்டர் தோல் உறைக்குள் இருந்தது. மழையில் வந்ததால் உறை நனைந்து கறுத்திருந்தது. தெல்மீரா கையை நீட்டி விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“அடப் பாவமே, எப்படிச் சில்லுனு இருக்கு. கொஞ்சம் கொடு கண்ணு, அடுப்புல காட்டிட்டு வரேன்.”

நாலு பேரும் ஒன்றாக எழுந்தார்கள்.